‘30 சதவிகிதம் கூடுதல் வேகம்!’ – எதைவிட?

கோடை விடுமுறை நாட்களில் பூந்தமல்லி, மாங்காடு, குன்றத்தூர் பக்கத்துக் கல்குவாரிகளில் இந்தக் காட்சி புதிதல்ல. பாறை விளிம்பில் கூட்டம். கழற்றி வைத்த சட்டையும் செருப்பும் அப்படியே கிடக்கின்றன. தீயணைப்பு வண்டி வந்து நிற்கிறது. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் ஒருவர் பிடித்திருக்க, மறுமுனையை உடம்பில் கட்டிக்கொண்டு, முதுகில் சிலிண்டரும் காலில் கறுப்புத் துடுப்புமாக ஒருவர் பின்பக்கமாக நடந்து தண்ணீரில் இறங்குகிறார். வெட்டிய பாறை செங்குத்தாகக் கீழே போகிறது. அடியில் பல வருடச் சேறு. காலை ஒருமுறை பலமாக உதைத்தால் போதும், சேறு கிளம்பி, கண்ணுக்குத் தெரிந்த கொஞ்சமும் மறைந்துபோகும். அதன்பிறகு எல்லாமே கைத்துழாவல்தான்.

இந்த மனிதருக்கு எந்தத் துடுப்பு நல்ல துடுப்பு? கடையில் ‘ஃபின்ஸ்’ என்று கேட்டால் சில ஆயிரம் ரூபாயிலிருந்து இருபதாயிரத்தைத் தாண்டியும் எடுத்துக் காட்டுவார்கள். அட்டைப்பெட்டிகளில் இருக்கும் வாசகங்கள் பெரும்பாலும் ஒரே ரகம்: கூடுதல் வேகம், குறைந்த உழைப்பு, மீன் வாலைப் பார்த்து வடிவமைத்தது, இத்தனை சதவிகிதம் அதிகத் திறன். குவாரியில் இறங்குபவருக்கு வேகத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. சேற்றைக் கிளப்பாமல் நகரவும், நின்ற இடத்தில் திரும்பவும், தேவைப்பட்டால் பின்னால் வரவும் அவருக்கு முடிய வேண்டும். அதைப் பற்றி அட்டைப்பெட்டி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

இதையெல்லாம் எழுத இப்போது காரணம் இருக்கிறது. 2024 ஜனவரியில் லட்சத்தீவிலும் பிப்ரவரியில் துவாரகையிலும் பிரதமர் கடலுக்குள் இறங்கிய படங்கள் நாடு முழுக்கச் சுற்றின. அதற்கு முன்பே, 2021 பிப்ரவரியில், நீலாங்கரைக் கடலில் அறுபதடி ஆழத்தில் ஒரு ஜோடி தாலி கட்டிக்கொண்டது. கோவளத்துக்கும் புதுச்சேரிக்கும் வார இறுதியில் முக்குளிக்கப் போவது இன்று அம்பத்தூர் ஐ.டி. ஊழியருக்கும் எட்டாத பொழுதுபோக்கு அல்ல. இரண்டு முறை வாடகைத் துடுப்பில் நீந்தியவர் மூன்றாவது முறை சொந்தமாக வாங்க நினைப்பார். வாங்கப்போனால் முதலில் எதிர்ப்படுவது சதவிகிதம்தான். எதோடு ஒப்பிட்டு, எந்த வேகத்தில், யார் காலில், என்ன வேலைக்கு என்ற நான்கும் இல்லாமல் வருகிற சதவிகிதத்தை அளவீடாக எடுத்துக்கொள்ளவே கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

தகட்டிலிருந்து கார்பன் வரை

மன்னார் வளைகுடாவில் பழைய முத்துக்குளிப்பில் காலுக்கு வேலை குறைவு. கனமான கல்லில் காலை வைத்தபடி மனிதர் கீழே போவார்; மூச்சு முடியும் நேரத்தில் படகிலிருப்பவர் கயிற்றை இழுத்து மேலே கொண்டுவருவார். இறங்கக் கல், ஏறக் கயிறு என்று இருந்த இடத்தில் துடுப்புக்குத் தேவையே எழவில்லை. சங்கோ கடல் அட்டையோ தேடிப்போகிறவரின் நிலை வேறு. அவர் கடலடியில் பக்கவாட்டில் அலைந்து தேட வேண்டும். அதனால்தான் அப்பகுதி முக்குளிப்பவர்கள் கண்ணுக்கு ஒரு கண்ணாடியும் காலில் கட்டிய அலுமினியத் தகடுமாக இறங்கும் பழக்கம் வந்தது. கடல் அட்டை பிடிப்பதற்கு 2001-இல் தடை வந்துவிட்டது என்றாலும், அந்தத் தகட்டை வெறும் ஏழ்மையின் அடையாளமாகப் பார்ப்பது தவறு. அது குட்டையானது, விறைப்பானது, பாறை இடுக்கில் சிக்காதது, செலவில்லாதது. தன் வேலைக்கு அது பொருத்தமான வடிவமைப்பு.

மேற்கில் கதை 1933-இல் தொடங்குகிறது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கோர்லியூ அந்த ஆண்டு நீச்சல் துடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்கப் படகோட்டி ஓவன் சர்ச்சில் அவரிடம் உரிமம் வாங்கித் தயாரித்துத் தந்த ரப்பர் துடுப்புகள் இரண்டாம் உலகப்போரின் தவளை வீரர்கள் கால்களுக்குப் போயின. 1960-களில் ஜார்ஜ் பேஷா துடுப்பில் துளைகள் வைத்தார். ‘ஜெட் ஃபின்’ பிறந்தது. 1990-களில் பீட் மெக்கார்த்தியின் காப்புரிமையோடு நடுவே பிளந்த துடுப்பு வந்தது. பிறகு பாலியூரித்தேன், கண்ணாடி இழை, கார்பன் இழை என்று வரிசை நீண்டது. வந்த ஒவ்வொன்றும் முந்தையதை மிஞ்சியதாகத்தான் சொல்லிக்கொண்டது. ஆனால் அறுபது வருடத்துக்கு முந்தைய ஜெட் ஃபின் இன்னும் விற்பனையில் இருக்கிறது. கப்பல் சிதைவுகளுக்குள்ளும் குகைகளுக்குள்ளும் போகிற அனுபவசாலிகள் பலர் அதைத்தான் மாட்டுகிறார்கள். புதியவை சொன்ன சதவிகிதங்கள் எல்லாம் நேரடி உண்மையாக இருந்திருந்தால் அது அருங்காட்சியகத்தில் அல்லவா இருக்க வேண்டும்?

தண்ணீர் கேட்கும் விலை

இந்த முரணைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு தேவை. தண்ணீரில் நகரும் உடம்புக்கு எதிர்ப்பு, வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடுகிறது. அந்த எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான ஆற்றலோ மும்மடிப் பெருக்கமாகக் கூடுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும். பத்து சதவிகிதம் கூட்டினாலே முப்பத்து மூன்று சதவிகிதம் கூடுதலாகச் செலவாகும். இப்போது விளம்பரத்துக்கு வருவோம். அதே உழைப்பில் ஒரு துடுப்பு 30 சதவிகிதம் வேகம் தருகிறது என்றால், பழைய துடுப்பு கொடுத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான பயனுள்ள ஆற்றலை அது தர வேண்டும். 1.3-ஐ மூன்றுமுறை பெருக்கிப் பாருங்கள், 2.2 வரும். ஒப்பிட்ட பழைய துடுப்பு படுமோசமாக இருந்திருந்தாலொழிய இது நடக்காது. நல்ல துடுப்போடு ஒப்பிட்டு இந்த எண்ணைச் சொன்னால் நம்ப இடமில்லை.

அதே கணக்கைத் தலைகீழாகவும் போட வேண்டும். ஒரு வடிவமைப்பாளர் உண்மையிலேயே திறமைசாலி; உதையின் ஆற்றலைத் தள்ளுவிசையாக மாற்றுவதில் 20 சதவிகித முன்னேற்றம் கண்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தில் அது ஏறத்தாழ 6 சதவிகிதமாகத்தான் வெளிப்படும். நூறு மீட்டரை 200 விநாடியில் கடந்தவர் 188 விநாடியில் கடப்பார். முன்னேற்றம் 5 சதவிகிதம் மட்டுமென்றால் வித்தியாசம் மூன்று விநாடி. அன்றைக்கு நீந்துபவர் எவ்வளவு களைத்திருந்தார், உடம்பு எவ்வளவு கிடையாக இருந்தது, சுவரை எப்படி உதைத்துக் கிளம்பினார் என்பதெல்லாம் அந்த மூன்று விநாடியை விழுங்கிவிடும். ஒருவர் ஒருமுறை நீந்தி, ஸ்டாப்வாட்ச் பார்த்து, ‘இதுவே சிறந்தது’ என்று தீர்ப்பு எழுதும் வீடியோ விமர்சனங்கள் எவ்வளவு நேர்மையானவையாக இருந்தாலும் பயன்படாமல் போவது இதனால்தான்.

> பெட்டிச் செய்தி: சிலிண்டரில் எத்தனை நிமிடம்?
>
> பரவலாகப் புழங்கும் அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் தொடங்கி 50 பாரை அவசரத்துக்கு ஒதுக்கினால் கையில் இருப்பது சுமார் 1,665 லிட்டர் காற்று.
>
> 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரைமட்டத்தைப்போல மூன்று மடங்கு. தரையில் நிமிடத்துக்கு 18 லிட்டர் மூச்சிழுப்பவருக்கு அங்கே 54 லிட்டர் செலவு. காற்று சுமார் 30 நிமிடம் வரும்.
>
> பொருந்தாத துடுப்போடு மல்லுக்கட்டி மூச்சு 25 லிட்டராக ஏறினால், அதே ஆழத்தில் 75 லிட்டர். சுமார் 22 நிமிடத்தில் தீரும்.

40 சதவிகிதத்தின் மூலம்

துடுப்பைப் பற்றி முறையான ஆய்வே இல்லை என்று சொல்ல முடியாது. இத்தாலியின் பாவோலா சாம்பாரோவும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் பரிசோதனை உயிரியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரே வேகத்தில் துடுப்போடும் துடுப்பில்லாமலும் நீந்தவைத்துப் பார்த்ததில், துடுப்பு மாட்டியபோது ஆற்றல் செலவு சுமார் 40 சதவிகிதம் குறைந்தது. காரணமும் தெளிவாகத் தெரிந்தது. உதையின் வீச்சு பத்து சதவிகிதம்தான் குறைந்தது. ஆனால் நிமிடத்துக்கு எத்தனை உதை என்பது 40 சதவிகிதம் குறைந்தது. காலைச் சும்மா ஆட்டுவதற்கே வீணாகும் ஆற்றல் அதனால் மிச்சமானது. மொத்த இயந்திரத் திறன் 0.11-லிருந்து 0.13 ஆனது. துடுப்பு மாட்டிய பிறகும் உடம்பு எரிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது.

40 சதவிகிதம் என்ற அந்த எண் துடுப்புக்கும் வெறுங்காலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வது. அலுமினியத் தகட்டுக்கும் வெறுங்காலுக்கும்கூட ஒரு சதவிகிதம் உண்டு. புதிய துடுப்புக்கும் பழைய துடுப்புக்கும் உள்ள வித்தியாசம் வேறு கேள்வி. அதன் விடை பெரும்பாலும் மிகச் சிறியது. முதல் கேள்விக்கான விடையை இரண்டாவது கேள்விக்குப் போட்டுவிட்டால் எந்தத் துடுப்பும் அதிசயத் துடுப்பாகிவிடும். இரண்டாவது கேள்விக்கு உழைத்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் டேவிட் பென்டர்காஸ்ட் குழுவினர். வளைய வடிவ நீச்சல் குளத்தில் முக்குளிப்பவர்களைக் குறிப்பிட்ட வேகத்தில் நீந்தவைத்து, உள்ளே போகும் ஆக்சிஜனை அளந்து, வேறு வேறு துடுப்புகளை ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்டார்கள். சுவர் இல்லாததால் உதைத்துக் கிளம்பும் ஏமாற்று இல்லை. வேகம் எல்லோருக்கும் ஒன்று, அளப்பது உடம்பின் செலவை. சோதனை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு சோதனை பிரபலமாக இருக்கிறது. குளத்தின் ஓரத்தில் ஒரு சுருள்வில் தராசைக் கட்டி, நீந்துபவர் அதை இழுக்க, எத்தனை கிலோ காட்டுகிறது என்று பார்ப்பது. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் அங்கே மனிதர் ஓர் அடிகூட நகரவில்லை. நகராத இடத்தில் திறன் என்பது கணக்குப்படியே பூஜ்யம். பெரிய, விறைப்பான துடுப்பு தராசை அதிகம் இழுக்கும். அதை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நீந்தினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நீரோட்டத்துக்கு எதிராக ஒரு நிமிடம் சமாளிக்க வேண்டியவருக்கு அந்த எண் ஓரளவு பயன்படலாம். மற்றவர்களை அது திசைதிருப்பும்.

பிளவுத் துடுப்பு சொல்லும் பாடம்

நடுவே பிளந்த துடுப்பின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே விளம்பரமும் உண்மையும் பாதிப் பாதி கலந்திருக்கின்றன. கால்களை மாற்றி மாற்றி அடிக்கும் சாதாரண உதையில் அது மெத்தென்று இருக்கும், மூட்டை வருத்தாது, நேர்கோட்டில் நன்றாகவே போகும். அறிமுகமான காலத்தில் அமெரிக்க முக்குளிப்புப் பத்திரிகைச் சோதனைகளில் அது பாராட்டு வாங்கியதும் உண்மை. ஆனால் தவளை உதைக்கு மாறினால் பிளந்த இரண்டு இதழ்களும் பிடிப்பில்லாமல் நழுவுகின்றன. பின்னோக்கி நகர்வது மிகக் கடினம். அதாவது, சோதனையின் கேள்வி ‘நேராக எவ்வளவு வேகம்’ என்று இருந்தவரை முதலிடம். ‘சேற்றுக்கு மேலே அசையாமல் நின்று திரும்ப முடியுமா’ என்று கேள்வியை மாற்றினால் கடைசி இடம். எந்தச் சோதனையும் பொய் சொல்லவில்லை. கேள்வியைத் தேர்ந்தெடுத்தவர்தான் முடிவையும் தேர்ந்தெடுக்கிறார்.

பிளவு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று தெரிய விலையுயர்ந்த கருவிகூட வேண்டாம். பிளவை வலுவான டேப் போட்டு மூடி, அதே ஆளை, அதே குளத்தில், அதே வேகத்தில் நீந்தவைத்து மூச்சுச் செலவைப் பார்க்கலாம். துளை வைத்த துடுப்புக்கும் இதே வழி. செலவு மாறாவிட்டால் பிளவு அலங்காரம். மாறினால் வடிவமைப்பாளர் ஜெயித்தார். இவ்வளவு எளிய சோதனையின் முடிவு எந்த அட்டைப்பெட்டியிலும் அச்சாகவில்லை என்பதை வாங்குகிறவர் யோசிக்க வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். துடுப்பு காலில் மாட்டுவது, உணர்வுதான் முக்கியம், ஆய்வக எண்ணை வைத்து என்ன செய்வது என்று அனுபவமுள்ள பயிற்சியாளர்களே கேட்பார்கள். பாதி நியாயம். பாதம் வைக்கும் பை சரியாகப் பொருந்தாத துடுப்பு, எவ்வளவு உயர்ந்த கார்பனாக இருந்தாலும் கொப்புளத்தில்தான் முடியும். புதியவருக்குப் பிளேடின் விஞ்ஞானத்தைவிடக் குதிகால் பட்டை நழுவாமல் இருப்பது முக்கியம். ஆனால் உணர்வு ஏமாற்றும் இடமும் இதுதான். விறைப்பான துடுப்பு தண்ணீரைத் தள்ளும்போது தொடையில் ஏறும் எதிர்ப்பை ‘பவர்’ என்று மூளை எடுத்துக்கொள்கிறது. மெல்லிய துடுப்பு எதுவுமே நடக்காததுபோல இருக்கும், ஆனால் ஆள் நகர்ந்திருப்பார். பழகிய துடுப்பு எப்போதும் நல்ல துடுப்பாகத் தோன்றும் என்பது வேறு. பொருத்தம்தான் முக்கியம், பிளேடால் பெரிய வித்தியாசமில்லை என்று ஒப்புக்கொண்டால், பிளேடின் பெயரைச் சொல்லிக் கூடுதலாக வாங்கும் பதினைந்தாயிரம் எதற்கு என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

தவறான துடுப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

முதல் விலை மூச்சு. மேலே பெட்டியில் உள்ள எட்டு நிமிடம் சும்மா ஒரு எண் அல்ல. ஆழத்தில் காற்று அடர்த்தியாகிறது. இழுத்து விடுவதே உழைப்பாகிறது. அதோடு காலும் மல்லுக்கட்டினால் உடம்பில் கரியமில வாயு தேங்கும். அது முதலில் மூச்சுத் திணறலாக, பிறகு பதற்றமாக வெளிப்படும். பதறியவர் நினைப்பது ஒன்றுதான், மேலே போய்விட வேண்டும். மூச்சைப் பிடித்தபடி வேகமாக ஏறினால் நுரையீரலில் விரியும் காற்று உயிருக்கே உலை வைக்கும். விபத்து அறிக்கையில் துடுப்பின் பெயர் வராது.

இரண்டாவது விலையைப் பவளம் கொடுக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பவளத்தின் மேல் நீந்துகிறவர் தன் உடம்பின் நீளத்தைக் கணக்கில் வைத்திருப்பார், துடுப்பின் நீளத்தை மறந்துவிடுவார். மூச்சடக்கி ஆழம் போகிறவர்களுக்காக வடிவமைத்த நீளத் துடுப்பை, ‘அதிக வேகம்’ என்ற சொல்லுக்கு மயங்கி ஆழமில்லாத பவளத்திட்டில் மாட்டிக்கொண்டு போனால், ஓர் உதையில் முறியும் கிளை மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

மூன்றாவது, தொழிலுக்காக இறங்குகிறவர்கள். தீயணைப்புத் துறையின் முக்குளிப்பு வீரர், கடலோரக் காவல் படையினர், துறைமுகத்தில் கப்பலின் அடிப்பகுதியைப் பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி என்று இவர்களில் பலர் தாங்களாகத் துடுப்பைத் தேர்ந்தெடுப்பதில்லை. யாரோ வாங்கிக் கொடுப்பதை மாட்டுகிறார்கள். 2017, 2019 வறட்சிகளில் சென்னைக்குக் குடிநீர் தந்த சிக்கராயபுரம் குவாரிகளைப் போன்ற இடங்களில், நல்ல வெளிச்சமுள்ள வெப்பமண்டலக் கடலுக்காக வடிவமைத்த மெல்லிய துடுப்பு என்ன செய்யும் என்று வாங்குகிற மேசை கேட்டதா என்பதுதான் முக்கியம்.

> பெட்டிச் செய்தி: தரம் எழுதியவர்கள்
>
> சோவியத் ஒன்றியம் 1977-இலேயே நீச்சல் துடுப்புக்குத் தரநிர்ணயம் எழுதியது. ஜெர்மனியின் டி.ஐ.என். 7876 வந்தது 1980-இல். நம்மவர்கள் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன மலேசியா, ரப்பர் துடுப்புக்கென்று 1985-இல் எம்.எஸ். 974 என்ற தரத்தை வெளியிட்டு 2002-இல் புதுப்பித்தது. குதிகால் திறந்த முக்குளிப்புத் துடுப்புக்கான தேவைகளையும் சோதனை முறைகளையும் வகுக்கும் ஐரோப்பியத் தரம், ஈ.என். 16804, 2015-இல் வந்தது.

அம்பத்தூருக்குத் தெரிந்த வித்தை

1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கார் கம்பெனிக்கு ஒரு சின்ன ரப்பர் புஷ் செய்து கொடுக்கிற பட்டறையிடம் கேட்டுப் பாருங்கள். ஷோர் அளவுகோலில் கடினம் எத்தனை, இழுத்தால் எவ்வளவு நீண்டு அறுகிறது, வெப்பத்தில் வைத்தெடுத்த பிறகு அந்த எண்கள் எவ்வளவு மாறுகின்றன என்று சோதனைத் தாள் இல்லாமல் சரக்கு வாசலைத் தாண்டாது. சில ரூபாய்ப் பொருளுக்கு இவ்வளவு கேட்கும் ஊரிலிருந்து கிளம்பி, இருபதாயிரம் ரூபாய்த் துடுப்பை ஒரு வண்ணப்படத்தையும் ஒரு சதவிகிதத்தையும் நம்பி வாங்குகிறோம். துடுப்பு ஒன்றும் புரியாத பொருளல்ல. ரப்பர் அல்லது பிளாஸ்டிக், அச்சில் வார்த்தது. நுனியில் ஒரு எடையைத் தொங்கவிட்டால் எத்தனை சென்டிமீட்டர் வளைகிறது என்பதை எந்தப் பட்டறையிலும் பத்து நிமிடத்தில் அளக்கலாம். ‘மென்மை’, ‘நடுத்தரம்’, ‘விறைப்பு’ என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்குப் போடும் முத்திரையைவிட அந்த ஒற்றை எண் வாங்குபவருக்கு அதிகம் சொல்லும்.

சிறு உற்பத்தியாளரால் சோதனைச் செலவைத் தாங்க முடியாது, இப்படிக் கேட்டால் பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள்தான் பிழைக்கும் என்பது அடுத்த மறுப்பு. ஆக்சிஜன் அளக்கும் ஆய்வகத்தைப் பட்டறைக்காரர் கட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நீச்சல் குளம், பல உடல்வாகுள்ள எட்டுப் பத்து பேர், சிலிண்டர் அழுத்தமானி. குலுக்கல் முறையில் துடுப்புகளை மாற்றி, வேகத்தை முன்கூட்டியே நிர்ணயித்து, நடுவில் ஓய்வு கொடுத்து, ஒவ்வொரு துடுப்பையும் சில நாட்கள் பழகிய பிறகே அளந்தால் போதும். நீந்துபவரின் கண்ணைக் கட்ட முடியாது, காலில் இருப்பது எதுவென்று அவருக்குத் தெரியத்தான் செய்யும். அழுத்தமானியைப் படித்து எழுதுபவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். இதில் கார்பனுக்கும் கன்னியாகுமரி ரப்பருக்கும் உள்ள வித்தியாசம் அளவுப் பிழைக்குள் அடங்கிவிட்டால், லாபம் சிறு உற்பத்தியாளருக்குத்தான். தெளிவான எண்ணைக் கண்டு பயப்பட வேண்டியது விளம்பரச் செலவில் வாழ்கிறவர்.

சோதனையை யார் நடத்துவது என்பதில் ஆவடிக்கும் சொல்ல ஒன்று உண்டு. ஆவடியின் ஆய்வு நிறுவனம் வடிவமைத்த அர்ஜுன் பீரங்கி வண்டியின் தகுதி பற்றிப் பல ஆண்டுகள் வாய்ச்சண்டை நடந்தது. 2010-இல் ராஜஸ்தான் பாலைவனத்தில் அதையும் டி-90-ஐயும் ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். டி-90-உம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகிற வண்டிதான். அங்கே களத்தையும் வேலையையும் தீர்மானித்தது வடிவமைத்தவரோ விற்பவரோ அல்ல, ஓட்டப்போகிற ராணுவம். துடுப்புக்கு அந்த இடத்தில் இருப்பவர்கள் மொத்தமாக வாங்குபவர்கள்: முக்குளிப்புப் பயிற்சி மையங்கள், தீயணைப்புத் துறை, காவல் துறை. தனி வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர் சிரித்து அனுப்பிவிடுவார். நூறு ஜோடிக்கு டெண்டர் விடுகிறவர் கேட்டால் எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

அந்த டெண்டரில் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டியதில்லை. எத்தனை கிலோவுக்கு எத்தனை சென்டிமீட்டர் வளைய வேண்டும். பட்டையும் கொக்கியும் எத்தனை கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். தண்ணீரில் மூழ்க வேண்டுமா, மிதக்க வேண்டுமா. தவளை உதையிலும் பின்னுதையிலும் பத்து மீட்டர் நகர முடிகிறதா. குறிப்பிட்ட வேகத்தில் மூச்சுச் செலவு, இப்போது கையிலிருக்கும் துடுப்பைவிட எவ்வளவு. கடைசியில் உள்ள ‘கையிலிருக்கும் துடுப்பைவிட’ என்ற பகுதியை மட்டும் விற்பவர் நிரப்ப முடியாது. இங்கே, நம் குளத்தில், நம் ஆட்களைக் கொண்டு அளந்துதான் அதை நிரப்ப முடியும்.